ஓரறிவுயிரை விலைக்கு வாங்குதல்

விலை கொடுத்து உயிரை வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் குறைவு. உழவுக்கு எருதும் பாலுக்குப் பசுவும் வாங்கியது உண்டு. அப்போதும் தீவனம், தொழுவம், தண்ணீர், பார்த்துக்கொள்ளும் ஆள் என எல்லாவற்றையும் எண்ணிய பிறகே நம் பெரியவர்கள் மாட்டுச் சந்தைக்குப் புறப்படுவார்கள். கூண்டுக் கிளியையோ கண்ணாடித் தொட்டி மீனையோ வீட்டுக் குழந்தைகள் கேட்டால், "வேண்டாம், பாவம்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறோம். ஆனால் செடி வாங்கும்போது மட்டும் நாம் எதையும் எண்ணுவதில்லை. பூவின் நிறம் கண்ணைப் பறித்தால் போதும்; கை தானே பணப்பையைத் திறந்துவிடுகிறது. செடிக்கும் உயிர் உண்டு என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் பாடம் சொன்ன நாமே இவ்வாறு நடந்துகொண்டோம். அதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அது பற்றிச் சிறிது சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், வேளாண் துறையினர் மலர், காய், கனிக் கண்காட்சி நடத்துகின்றனர். அது 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினர் அமைத்த பழைய பூங்கா. திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு அதிகத் தொலைவு இல்லை. காலையில் பேருந்து ஏறினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். மலர்களால் அமைத்த உருவங்களையும் பரிசுக்கு வைத்த காய் கனிகளையும் பார்த்து முடித்த கூட்டம் அப்படியே செடி விற்கும் கடைகளின் பக்கம் திரும்பும். அங்கேதான் நம் மனத்துக்குச் சோதனை தொடங்குகிறது.

வரிசையாகக் கடைகள். கருப்பு நெகிழிப் பைகளில் ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ். மாவிலும் சப்போட்டாவிலும் ஒட்டுக்கன்றுகள். மண் தொட்டியில் அடினியம். தொங்கும் கூடைகளில் பெயர் தெரியாத கொடிகள். ஒசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த செடிகள் ஒருபுறம் இருக்கும். ஆந்திரத்தில் இராஜமுந்திரிக்கு அருகில் உள்ள கடியத்திலிருந்து வந்தவை மறுபுறம் இருக்கும். தென்னாடு முழுவதற்கும் நாற்றும் கன்றும் அனுப்பும் ஊர் அது. ஒரு கடையில் பார்த்ததைவிட அடுத்த கடையில் இருப்பது அழகாகத் தோன்றும். முதற்கடையில் வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாம் கடையில் குனிவோம்.

சென்ற ஆண்டு அவ்வாறு குனிந்து குனிந்து நாம் வாங்கியவை 11 செடிகள். மூன்று ரோஜா, இரண்டு செம்பருத்தி, இரண்டு குரோட்டன்ஸ், இரண்டு சாமந்தி, ஒரு சப்போட்டா ஒட்டு, ஒரு அடினியம். வீட்டு மாடியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் எண்ணினோம். இடம் இருந்தது. சித்திரை பிறந்ததும் மகன் வீட்டுக்குச் சென்று நாற்பது நாள் தங்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருந்தார். முதல் வாரம் ஊற்றினார். பிறகு அவர் தாயாருக்கு உடல் நலம் கெட்டு அவரும் ஊருக்குப் போக நேர்ந்தது. அதில் அவர் குற்றம் ஏதும் இல்லை. நாம் திரும்பி வந்தபோது மூன்று செடிகளே உயிரோடு இருந்தன. தண்டில் நீரைச் சேமித்து வைக்கும் அடினியம் பிழைத்திருந்தது. நிழலில் இருந்த ஒரு குரோட்டன்ஸும், சுவர் ஓரத்துச் செம்பருத்தி ஒன்றும் எப்படியோ தாக்குப்பிடித்திருந்தன. எட்டு செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்திருந்தன.

தொட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டியபோது இன்னொன்றையும் கண்டோம். ரோஜாவின் வேர் பையின் உருவத்திலேயே சுருண்டு கிடந்தது. வாங்கி வந்த அன்று களைப்பினால் நெகிழிப் பையை முழுதும் கிழித்தெடுக்காமல், அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே மண்ணில் வைத்திருந்தோம். நீர் தேடிப் பக்கத்தில் பரவ அதற்கு வழியே இல்லை. ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற நாளில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பாத்தி ஒதுக்குவார்கள். நாற்றைப் பிடுங்கி நடும் முறைக்கே தனி மதிப்பெண் உண்டு. அன்று முழு மதிப்பெண் வாங்கிய கைதான் இதையும் செய்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொழுது சாய்வதற்கு முன் உண்கிறோம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறோம். கிழங்கு வகைகளைத் தவிர்க்கிறோம். அடுப்பைத் துடைத்து, எறும்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீ மூட்டுகிறோம். இவ்வளவு கவனத்தோடு வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டின் மாடியில், நம் ஆசையாலும் சோம்பலாலும் எட்டு உயிர் நீரின்றி மாண்டது. அதனை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

இதனை ஒரு தோழியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "என்ன டீச்சர் இது! தினமும் கீரை ஆய்கிறோம், கொத்தமல்லி கிள்ளுகிறோம். அதற்கெல்லாம் அழுதால் எப்படிச் சாப்பிடுவது?" என்றார். கேள்வி நியாயமானதே. இல்லறத்தில் இருப்பவர் ஓரறிவுயிர்க்குத் துன்பமே செய்யாமல் வாழ முடியாது; நம் அறநூல்கள் அதை அறிந்தே துறவியர்க்கு ஒரு நெறியும் இல்லறத்தார்க்கு ஒரு நெறியும் வகுத்தன. ஆனால் இல்லறத்தார்க்கு விட்டுக் கொடுத்தது தேவைக்கு மட்டுமே. சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், அனர்த்த தண்டம் என்னும் பயனில்லாத் தீமைகளைச் சொல்லும் இடத்தில், காரணமின்றி நிலத்தைத் தோண்டுவதையும் நீரை வீணாக்குவதையும் செடி கொடிகளை வெட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. கீரை நம் பசியைத் தீர்த்தது. மாடியில் காய்ந்த ரோஜா யாருடைய எந்தத் தேவையையும் தீர்க்கவில்லை. வாங்கிய அன்று மாலை நம் கண்ணுக்கு ஒரு நாழிகை இன்பம் தந்தது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தகாது.

"செடிக்கு வலிக்குமா?" என்ற கேள்வியையும் சிலர் எழுப்புவர். புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு ஒன்று உடைய ஓரறிவுயிராக எண்ணியது நம் சமயம். தொல்காப்பியத்தின் மரபியலும் அவ்வாறே வகுத்தது. ஜகதீச சந்திர போஸ் 1901-இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் முன், தாவரத் திசுக்களும் தூண்டலுக்கு மின் மாற்றத்தால் விடை தருவதைச் செய்து காட்டினார். தொட்டாற்சுருங்கியும் தொழுகன்னியும் அவருடைய ஆய்வுச் செடிகள். எனினும் செடிக்கு நம்மைப் போல் மூளையும் நரம்பும் இல்லை. நம் வலியை அதன் மேல் ஏற்றிப் பேசுவது சரியன்று. ஆனால் அதற்கு நீர் வேண்டும், ஒளி வேண்டும், வேர் பரவ இடம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவற்றைத் தேடித் தானே நடந்து செல்ல முடியாத உயிரை நாம் ஒரு பைக்குள் வைத்துத் தூக்கி வந்தோம். வழி மறித்தவர் நாம் என்றால், வழங்க வேண்டியவரும் நாமே. இந்தக் கடமைக்கு வலி பற்றிய விவாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டும் கண்காட்சிக்குச் சென்றோம். பத்து வயதுப் பேத்தியும் உடன் வந்தாள். எதையும் வாங்குவதில்லை என்ற எண்ணத்தோடுதான் சென்றோம். வாங்காமல் பார்த்தபோது, முன்பு கண்ணில் படாத பல செய்திகள் தெரிந்தன.

ஒரு கடையில், பச்சைத் தண்டின் தலையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்து வைத்தது போன்ற கள்ளிகள் இருந்தன. பேத்தி அதைத்தான் முதலில் கேட்டாள். அது உண்மையில் இரண்டு செடி. மேலே உள்ள வண்ணப் பந்தில் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. அதற்காக வேறொரு கள்ளியின் தலையைச் சீவி, அதன் மேல் இதனை ஒட்டுகிறார்கள். கீழே இருப்பது உழைக்கிறது. மேலே இருப்பது உண்கிறது. இப்படி ஒட்டியவை பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை. இதனைச் சொன்னதும் பேத்தி கையை எடுத்துக்கொண்டாள். ஒட்டுக் கட்டுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின் மேல் ஒட்டுவது பல தலைமுறைக்குக் கனி தரும் மரத்தை உண்டாக்க. கத்தி ஒன்றே, எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அடுத்து, குடுவை போன்ற இலைகளை உடைய பூச்சியுண்ணும் செடி. "பாட்டி, இதை வாங்கினா நமக்குப் பாவமா?" என்று கேட்டாள். சத்துக் குறைந்த மண்ணில் வளர்வதால் அது பூச்சியின் உடலிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. ஆனால் அதில் பூச்சி விழுவதை வேடிக்கை பார்க்க நாம் வாங்கினால் அந்த எண்ணம் நம்முடையது, தீமையும் நம்முடையது. இவ்வாறு விடை சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை.

தாலம் போன்ற தட்டுகளில் போன்சாய் மரங்களை வைத்திருந்த இடத்தில் நாம் நின்றுவிட்டோம். ஒரு சாண் உயரத்தில் ஓர் ஆலமரம், விழுதோடு. ஆதிபகவன் முழுதுணர்வு எய்தியது ஆலின் கீழ் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, ஆயிரம் பேர்க்கு நிழல் தரவேண்டிய மரத்தைக் கம்பி சுற்றித் தட்டில் நிறுத்தியிருப்பது மனத்தை உறுத்தியது. கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. "அம்மா, இது என் அப்பா காலத்து மரம். இதுக்காக நாங்க குடும்பத்தோட எங்கயும் வெளியூர் போனதில்ல. ஒரு நாள் தண்ணி இல்லன்னா போயிடும்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வேரைக் கத்தரித்த அவர் அதை இத்தனை ஆண்டு காப்பாற்றினார். வேரில் கத்தி படாத நம் ரோஜா நாற்பது நாளில் மாண்டது. இருவரில் இம்சை செய்தவர் யார்? நம் கண்ணின் விருப்பத்துக்காக ஒரு மரத்தின் வளர்ச்சியைக் குறுக்குவது இன்றும் நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவரைக் குறை சொல்லும் தகுதி அன்று நமக்கு இல்லை என்பதை உணர்ந்தோம்.

நாம் வாங்கும் செடி நம் தொட்டியோடு நின்றுவிடும் என்றும் எண்ணக் கூடாது. அமெரிக்க நாடுகளின் உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுப் பூச்செடியாக வந்தது. இன்று அது முதுமலை உட்பட நம் காடுகள் பலவற்றில் புதராய் மண்டி, மானும் யானையும் மேயும் புல்லை வளரவிடாமல் தடுக்கிறது. ஏரி குளங்களை மூடும் வெங்காயத் தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அதன் ஊதாப் பூவின் அழகுக்காகக் கொண்டு வந்ததே. அவற்றைக் கொணர்ந்தோர்க்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. அழகாக இருக்கிறது என்ற ஒன்றே அவர்களுக்கும் போதுமானதாக இருந்தது.

விற்பவர் பக்கத்தையும் நோக்க வேண்டும். எவரும் செடி வாங்காவிட்டால் இவர்கள் பிழைப்பு என்னாவது? பையில் மண் நிரப்புவது முதல் களை எடுப்பது வரை நாற்றங்கால் வேலையில் பெரும்பகுதி பெண்களின் கையால் நடப்பது. எனவே வாங்கக் கூடாது என்பது நம் முடிவன்று. ஆனால் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். துணிக்கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் பேசாமல் கொடுக்கும் நாம், 60 ரூபாய்ச் செடியை 40 ரூபாய்க்குக் கேட்டு வாதாடுகிறோம். குறைந்த விலைக்குக் கிடைத்ததால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குகிறோம். மலிவாக வந்ததை மலிவாகவே நடத்துகிறோம். உரிய விலை கொடுத்து ஒன்று வாங்கினால் விற்பவர்க்கும் நட்டமில்லை, செடிக்கும் நன்மை.

கடைசி வரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் சிறு கடை விரித்திருந்தார். "அசோக மரக் கன்று இருக்கிறதா?" என்று கேட்டோம். நெட்டையாக, அலை அலையான விளிம்புடைய இலைகளோடு நின்ற கன்றுகளைக் காட்டினார். அவை நெட்டிலிங்கம். "இது நெட்டிலிங்கம் அல்லவா?" என்றோம். அவர் சிரித்தார். "ஆமாம்மா. எல்லாரும் அசோகான்னுதான் கேக்கறாங்க. நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். நிஜ அசோகு ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிப் பின்னாலிருந்து ஒரு கன்றை எடுத்து வைத்தார். செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்கின. கொத்துக் கொத்தாய் மஞ்சளில் தொடங்கிச் செம்மையாக மாறும் பூவை உடைய உண்மையான பிண்டி. அருகனைப் பிண்டி நிழலில் அமர்ந்தவனாகவே நம் முன்னோர் கண்டனர். கோயில் சிற்பத்தில் மட்டும் பார்த்த தளிரைக் கையால் தொட்டபோது, எதையும் வாங்குவதில்லை என்ற எண்ணம் இருந்த இடம் தெரியவில்லை. பணத்தை எடுத்துவிட்டோம்.

அம்மையார் கையை நீட்டவில்லை. "எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"மாடியில்தான். பெரிய தொட்டி இருக்கிறது."

"மாடி வெயில்ல இது நிக்காதும்மா. இதுக்கு நிலம் வேணும், பக்கத்துல நிழலும் ஈரமும் வேணும். தோட்டம் இருக்கறவங்க யாராவது கேட்டா குடுக்கலாம்னு வச்சிருக்கேன். உங்களுக்கு வேற தரட்டுமா?"

நாள் முழுதும் நின்று விற்பவர், கைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்றார். நாம் சென்ற ஆண்டு 11 முறை கேட்டுக்கொள்ளத் தவறிய கேள்வியை அவர் ஒரே முறை கேட்டார். எந்த அறநூலையும் அவர் ஓதியிருப்பாரா என்று நாம் அறியோம். அசோகின் நிழலை வணங்கி வந்த நாம் அசோகுக்கு நிழல் வேண்டும் என்பதை அவரிடம் கற்றோம். மனம் ஒரு கணம் கசந்தது உண்மை. பெரிய தொட்டி, சாக்குத் துணியால் பந்தல் என்று காரணம் தேடியதும் உண்மை. பேத்தி நம் முந்தானையைப் பிடித்து, "வேணாம் பாட்டி, அது செத்துப் போயிடும்" என்றாள். பணத்தைப் பையில் வைத்துக்கொண்டோம்.

பொருள் வரைதல் என்னும் விரதத்தைப் பற்றிப் பேசும்போது நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் என்று எண்ணிக்கொண்டு வருகிறோம். அந்தப் பழைய கணக்கில் கால்நடையும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பொன்னுக்கு எல்லை வைப்பது நம் ஆசையை அடக்குவதற்கு. உயிருள்ளதற்கு எல்லை வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு: காப்பாற்ற முடியாத உயிர் நம் கைக்கு வந்து சேராது. பெட்டியில் கிடக்கும் நகையை நாற்பது நாள் பார்க்காவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. செடிக்கு ஆகும். ஆகவே செடியின் எண்ணிக்கையை மாடியின் அகலத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. பூவாளி தூக்கும் கையையும், நாம் ஊரில் இருக்கும் நாளையும் கொண்டு அளக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்டுக்கொள்ளத் தக்கவை மூன்று. எங்கே வைப்போம்? நாம் இல்லாதபோது தண்ணீர் ஊற்றுபவர் யார். அவரும் இல்லாவிட்டால் யார்? நம்மால் இயலாத நாள் வந்தால் இதனை யாரிடம் ஒப்படைப்போம்? மூன்றாவது கேள்வி எழுபதைக் கடந்த எம்மைப் போன்றோர்க்குக் கட்டாயம் உரியது. இவற்றுக்கு விடை இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். வீட்டில் ஒரு செடியைக் காப்பது குழந்தைகளுக்கு நல்ல பாடம். அதனை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஊர் திரும்பியதும் கோயில் பூசகரிடம் அசோகு பற்றிப் பேசினோம். திருச்சுற்றில் கிணற்றடிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, நாள்தோறும் தாமே நீர் ஊற்றுவதாகச் சொன்னார். மறுநாளே ஆள் அனுப்பினோம்; அதற்குள் கண்காட்சி முடிந்து கடைகளைப் பிரித்துவிட்டார்கள். அம்மையாரின் ஊரையும் நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கன்று தோட்டம் உள்ள யாரிடமேனும் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். கிணற்றடி இடம் இன்னும் இருக்கிறது. மெய்யான அசோகுக் கன்று கிடைக்கும் இடம் அறிந்த அன்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையோம்.

பத்து நாள் தசலட்சண பர்வம் வரும்போது, ஆண்டுக்குரிய அளவுகளை ஏட்டில் எழுதி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இம்முறை அதில் ஒரு வரியைக் கூட்டியிருக்கிறோம். பேத்திதான் எழுதினாள்: "செடித் தொட்டி, 5." இப்போது இருப்பவை மூன்று. மற்ற இரண்டுக்கும் அவசரமில்லை.